வாரத்தில் எத்தனை நாள்? கரப்பந்தாட்ட முழங்காலும் பாரப்பயிற்சியின் இடைவெளியும்

1. கேள்வி எழும் இடம்

உரும்பிராயிலிருந்து நீர்வேலி, புத்தூர், ஆவரங்கால் வரை வலிகாமம் கிழக்கின் ஊர்களில் வெயில் தாழ்ந்ததும் கரப்பந்தாட்டத் திடல்கள் நிரம்பிவிடும். 1916இல் வை.எம்.சி.ஏ.யின் உடற்கல்விப் பணிப்பாளராக இருந்த ரொபேர்ட் வோல்டர் கமாக் கொழும்பில் அறிமுகப்படுத்திய இந்த ஆட்டம் 1991இல் இலங்கையின் தேசிய விளையாட்டாக அறிவிக்கப்பட்டது. குடாநாடு அதற்கு வெகுகாலம் முன்பே இதைத் தன் ஆட்டமாக்கிக்கொண்டுவிட்டது. நினைவுக் கிண்ணங்கள், கழகங்களின் ஆண்டு நிறைவுச் சுற்றுப்போட்டிகள், மின்னொளி ஆட்டங்கள் என்று ஓர் இளைஞன் வாரத்தில் ஐந்து ஆறு நாள் பாய்ந்து பந்தை அறைவது இங்கே வழமை. பாய்ச்சலில் இந்த மண்ணுக்குப் பெயர் இருக்கிறது. 1958இல் தோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் உயரம் பாய்தலில் 2.03 மீற்றர் பாய்ந்து இலங்கைக்கு முதலாவது ஆசியத் தங்கத்தைக் கொண்டுவந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் பழைய மாணவர்.

பாய்பவரை வாட்டும் நோவு பெரும்பாலும் முழங்காற்சில்லின் கீழ் நுனியில், விரலால் அழுத்தினால் சுள்ளென்று தெரியும் ஓரிடத்தில் வரும். 1973இல் பிளசினாவும் சகாக்களும் இதைப் ‘பாய்பவர் முழங்கால்’ என்று மருத்துவ ஏட்டில் பதிந்தார்கள். நோர்வேயின் உயர்மட்ட வீரர்களை லியானும் சகாக்களும் ஆராய்ந்து 2005இல் வெளியிட்ட கணக்கில் கரப்பந்தாட்டக்காரரில் ஏறத்தாழ 45 சதவீதத்தினர் அப்போது இந்த நோவுடன் இருந்தார்கள்; கூடைப்பந்தாட்டக்காரரில் 32 சதவீதத்தினர். எல்லா விளையாட்டுக்களையும் சேர்த்தால் 14 சதவீதம்தான். ஆக, இது கரப்பந்தாட்டத்தின் தொழில் நோய்.

இதற்குப் பயிற்றுநரும் இயன்மருத்துவரும் சொல்லும் முதல் மருந்து, காலைப் பலப்படுத்து என்பது. அடுத்த கேள்வியில்தான் கருத்துக்கள் பிரிகின்றன. ஒவ்வொரு நாளுமா, ஒன்றுவிட்ட ஒரு நாளா, வாரத்தில் ஒரு தரம் போதுமா? இந்தக் கட்டுரையின் வாதம் இது: நாள்களின் எண்ணிக்கைக்குத் தனிப்பட்ட வலு மிகக் குறைவு. தசைநாண் மறுமொழி சொல்வது சுமையின் அளவுக்கும், சுமை நீடிக்கும் மாதங்களுக்கும், கடும் சுமைகளுக்கு இடையே கிடைக்கும் நேரத்துக்கும்தான். திடலில் பாய்ந்த பாய்ச்சல்களையும் சேர்த்துக் கணக்கெடுத்த பின்பே பாரப்பயிற்சிக்கு எத்தனை நாள் என்று தீர்மானிக்க முடியும்.

2. மெதுவாக மாறும் ஓர் இழையம்

தொடையின் முன்தசை சுருங்கும்போது அந்த விசை சில்லின் ஊடாக அதற்குக் கீழே உள்ள தடித்த தசைநாணில் இறங்கி, கணுக்கால் நோக்கி நீளும் கீழ்க்கால் எலும்பின் மேட்டில் போய்ச் சேர்கிறது. கயிற்றின் புரிகள்போல ஒரே திசையில் அடுக்கிய கொலாஜன் இழைகளாலானது அந்தத் தசைநாண். அது தாங்கும் சுமையின் பருமனைச் செர்னிக்கும் சகாக்களும் 1977இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. பாரந்தூக்கும் போட்டியொன்றில் 175 கிலோ பாரத்தைத் தூக்கிய ஒருவரின் முழங்கால் தசைநாண் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோதே அறுந்தது. படத்தை வைத்துக் கணித்ததில், அறுந்த கணத்தில் அதன் மேல் இருந்த இழுவிசை அவருடைய உடல் நிறையின் பதினேழரை மடங்கு. தசைநாண் பலவீனமான பொருள் என்று எண்ணுவோருக்கு இது நல்ல பதில். அதன் சிக்கல் வலுக்குறைவில் இல்லை, மாறும் வேகத்தில் இருக்கிறது.

அந்த வேகத்தைப் பற்றிய வலுவான சான்று எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1955 முதல் 1963 வரை திறந்த வெளியில் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் வளிமண்டலத்தில் காபன்-14இன் அளவைக் கூட்டின. அந்தக் கூடுதல் அப்போது உருவான இழையங்களில் பதிந்தது. டென்மார்க்கில் ஹைனமையரும் சகாக்களும் 2013இல் குதிக்கால் தசைநாண்களில் இந்தப் பதிவைத் தேடினார்கள். அந்தத் தசைநாணின் உட்பகுதி ஏறத்தாழ 17 வயதுக்குள் உருவாகி முடிகிறது என்றும், அதன் பின் புதுப்பிக்கப்படுவது மிகச் சொற்பம் என்றும் தெரிந்தது. குதிக்காலில் கண்டது முழங்காலுக்கும் அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் பாடசாலை அணியில் ஆடும் பதினைந்து, பதினாறு வயதுப் பருவம் ஏன் முக்கியம் என்பதற்கு இது ஒரு கனமான காரணம். வளர்ந்தவரின் தசைநாணும் பயிற்சியால் விறைப்பைக் கூட்டிக்கொள்கிறது, ஓரங்களில் சற்றுத் தடிக்கிறது. அதற்கு மாதக்கணக்கு ஆகும்.

3. எழுபத்திரண்டு மணி நேரமும் அதன்மேல் கட்டிய முடிவுகளும்

நாள்களின் எண்ணிக்கை பற்றிய விவாதத்தில் எல்லோரும் சுட்டும் ஆய்வு மில்லரும் சகாக்களும் 2005இல் கொப்பன்ஹேகனிலிருந்து வெளியிட்டது. இளம் ஆண்கள் ஒரு மணி நேரம் ஒற்றைக் காலால் உதைக்கும் பயிற்சி செய்தார்கள். பின்னர் அவர்களின் முழங்கால் தசைநாணிலிருந்து ஊசியால் எடுத்த சிறு துணுக்குகளில் கொலாஜன் உருவாகும் வீதம் அளக்கப்பட்டது. ஆறு மணி நேரத்துக்குள்ளேயே வீதம் கூடியது. ஒரு நாள் கழித்து, ஓய்வு நிலையைவிட ஏறத்தாழ 70 சதவீதம் கூடி உச்சத்தைத் தொட்டது. மூன்று நாள் கழிந்தும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இதை வைத்து மக்னுசன், லாங்பேர்க், கியேர் ஆகிய மூவரும் 2010இல் ஒரு வரைபடத்தை முன்வைத்தார்கள். பயிற்சி முடிந்த முதல் ஒன்றரை நாளில் கொலாஜன் உருவாவதைவிடச் சிதைவது கூட. அதன் பின்பே வரவு செலவை மிஞ்சுகிறது. இடையில் மறுபடி கடும் சுமை ஏற்றினால் நட்டம் சேர்ந்துகொண்டே போகும் என்பது அதன் உட்கிடை. கடும் பயிற்சிக்கு இரண்டு மூன்று நாள் இடைவெளி வேண்டும் என்று இன்று பரவலாகச் சொல்லப்படுவதன் அடி இதுதான்.

இந்த முடிவு நியாயமானதே. ஆனால் அது நிற்கும் தூண் எண்ணுமளவுக்குப் பருத்தது அன்று. மில்லரின் ஆய்வில் செய்யப்பட்டது ஒரு மணி நேரம் நீண்ட, நடுத்தரச் சுமையுடைய உதைப்பு. கரப்பந்தாட்டப் பாய்ச்சலும், தோளில் பாரம் வைத்துக் குந்தி எழும்புவதும் வேறு வகைச் சுமைகள். கொலாஜன் உருவாவதும் தசைநாண் வலுப்பதும் ஒன்றென்று கொள்ளவும் முடியாது. உருவான புதிய கொலாஜன் எங்கே அடுக்கப்பட்டது, குறுக்குப் பிணைப்புப் பெற்றதா, இழைகளின் திசையில் சேர்ந்ததா என்பவற்றை வீத அளவு சொல்லாது. நோயுற்ற தசைநாணும் நிறையக் கொலாஜனை உருவாக்கும். அது ஒழுங்கற்றுக் கிடக்கும். அதனால்தான் ஸ்கானில் தசைநாண் தடித்திருப்பதைக் கண்டு மகிழ்வதா கவலைப்படுவதா என்பதை நோவையும் விறைப்பையும் சேர்த்துப் பார்த்தே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

கலிபோர்னியாவில் கீத் பாரின் ஆய்வுகூடம் எதிர்த்திசையில் போவதுபோலத் தோன்றும் ஒரு முடிவைத் தந்தது. ஆய்வுகூடத்தில் வளர்த்த இணைப்பு இழையத்தைத் தொடர்ந்து இழுத்தபோது உயிரணுக்களின் சமிக்ஞை சுமார் பத்து நிமிடத்தில் உச்சத்தை அடைந்து அடங்கிவிட்டது. மறுபடி அவை உணர்திறன் பெற ஏறத்தாழ ஆறு மணி நேரம் பிடித்தது. பத்து நிமிட இழுப்பை ஆறு மணிக்கொரு தரம் கொடுத்தபோது கொலாஜன் சேர்வது கூடியது என்று 2012இல் எழுதினார்கள். 2017இல் எட்டு ஆண்களைக் கொண்டு, ஆறு நிமிடக் கயிறடித்தலை ஆறு மணி இடைவெளியில் நாளுக்கு மூன்று தரம் செய்வித்து, இரத்தத்தில் கொலாஜன் உருவாக்கத்தின் அடையாளத்தை அளந்தார்கள். விற்றமின் சி கலந்த ஜெலற்றின் 15 கிராம் உட்கொண்டவர்களில் அது இரட்டித்தது. இந்த அடையாளம் எலும்பிலிருந்தும் இரத்தத்துக்கு வருவதால் அதைத் தசைநாணின் கணக்கில் முழுதாகச் சேர்க்க முடியாது. எனினும் அடிப்படை அவதானம் பெறுமதியானது. இரண்டு ஆய்வுகூடங்களும் ஒன்றையொன்று மறுப்பதாக வாசிப்பது பிழை என்பது என் கருத்து. ஒன்று பேசுவது நீண்ட பயிற்சி விட்டுச்செல்லும் சிதைவைப் பற்றி. மற்றது சிறிய, மென்மையான தூண்டலைப் பற்றி. கடும் சுமைக்கு நாள்கணக்கிலான இடைவெளியும், மென்சுமைக்கு மணிக்கணக்கிலான இடைவெளியும் வேண்டும் என்றால் இரண்டு சான்றுகளும் ஒரே சட்டகத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

4. சுமையே முதன்மை: பயிற்சி ஆய்வுகள் சொல்வது

பயிற்சி ஆய்வுகளில் பெரும்பாலானவை வாரத்துக்கு மூன்று அல்லது நான்கு நாள் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்துகொண்டு, மற்றவற்றை மாற்றிப் பார்த்தவை. எனவே அவற்றிலிருந்து நாள்களின் எண்ணிக்கை பற்றி நேரே எதையும் பெயர்த்தெடுக்க முடியாது. எது முதன்மை, எது அதைச் சார்ந்தது என்பதை மட்டும் தெளிவாக அறியலாம். கொங்ஸ்கார்டும் சகாக்களும் 2007இல் 12 ஆண்களுக்கு 12 வாரம், வாரம் மூன்று தரம், ஒரு காலுக்குக் கடும் பாரமும் மறு காலுக்கு இலேசான பாரமும் கொடுத்தார்கள். இரு கால்களும் செய்த வேலையின் மொத்த அளவு சமம். கடும் பாரம் தூக்கிய காலில் முழங்கால் தசைநாண் மேல் நுனியிலும் கீழ் நுனியிலும் தடித்து விறைப்பும் கூடியது. மற்றக் காலில் மேல் நுனி மட்டும் தடித்தது, விறைப்பு கூடவில்லை. அதே ஆண்டு அரம்பாட்சிஸும் சகாக்களும் குதிக்கால் தசைநாணில் வாரம் நான்கு நாள், 14 வாரம் இதே முறையில் செய்த சோதனையும் இதையே காட்டியது. ஏறத்தாழ 3 சதவீதம் நீட்டிய சுமை பலன் தரவில்லை, ஏறத்தாழ 4.5 சதவீதம் அளவுக்கு நீட்டிய சுமை பலன் தந்தது. ஒரே ஆள், ஒரே நாள்கள், ஒரே அளவு வேலை. வேறுபட்டது சுமையின் பருமன் மட்டும். இத்தகைய ஆய்வுகள் 27ஐத் திரட்டிப் போம், மெர்ஸ்மான், அரம்பாட்சிஸ் ஆகியோர் 2015இல் செய்த தொகுப்பாய்வும் சுமையின் பருமனையே முதற்காரணமாகக் கண்டது. தசை நீண்டு சுருங்குகிறதா, குறுகிச் சுருங்குகிறதா என்பது அவ்வளவு பொருட்டாகவில்லை. பன்னிரண்டு வாரத்துக்கு மேல் நீண்ட பயிற்சி மேலானதாகத் தெரிந்தது. விறைப்பில் வந்த மாற்றம் பெரிது, தடிப்பில் வந்தது சிறிது என்பதும் அதே தொகுப்பின் கண்டுபிடிப்பு. சில வாரங்களுக்குள் தடிப்பை எதிர்பார்ப்போர் ஏமாறுவார்கள்.

ஜப்பானின் குபோ இந்தக் காலக்கணக்கை இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார். 2010இல் வெளிவந்த அவருடைய ஆய்வில், வாரம் நான்கு நாள் முழங்காலை நீட்டும் அசைவற்ற பயிற்சி மூன்று மாதம் செய்தவர்களுக்குத் தசை இரண்டாம் மாதமே வலுத்துவிட்டது; தசைநாண் விறைக்க மூன்றாம் மாதம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பயிற்சியை விட்ட பின்போ தசையின் வலு நின்றுகொண்டிருக்கும்போதே தசைநாணின் விறைப்பு சரிந்துவிட்டது. மெதுவாக வந்து விரைவாகப் போகும் ஒன்றுக்கு, ஒரு வாரத்தில் எத்தனை நாள் என்பதைவிட ஓர் ஆண்டில் எத்தனை மாதம் இடைவிடாமல் என்பதே பெரிய கேள்வி. தசையிலும் நிலை ஏறத்தாழ இதுதான்: மொத்த வேலை சமமாக இருந்தால் நாள்களின் எண்ணிக்கை தசை வளர்ச்சியைப் பெரிதாக மாற்றவில்லை என்று ஷோன்பெல்டும் சகாக்களும் 2019இல் தொகுத்தெழுதினார்கள்.

இங்கே வலுவான ஒரு மறுப்பு எழும். சுவீடனின் அல்பிரெட்சன் 1998இல் குதிக்கால் நோவுள்ளவர்களை ஒவ்வொரு நாளும் 180 தடவை, 12 வாரம் குதிகாலை இறக்கும் பயிற்சி செய்வித்துக் குணப்படுத்தினாரே, அப்படியானால் தினப் பயிற்சிதானே மருந்து? இதற்குப் பேயரும் சகாக்களும் 2015இல் பதில் தந்தார்கள். அல்பிரெட்சனின் தினப் பயிற்சியையும், வாரம் மூன்று நாள் மெதுவாகச் செய்யும் கடும் பாரப் பயிற்சியையும் ஒப்பிட்டதில் இரு தரப்பும் ஏறத்தாழச் சமமாகக் குணமடைந்தன. தினப் பயிற்சிக்கு வாரம் 308 நிமிடம் போனது; மூன்று நாள் பயிற்சிக்கு 107 நிமிடம். பயிற்சியை விடாமல் கடைப்பிடித்தவர்களும் மூன்று நாள் தரப்பிலேயே கூட. முழங்காலில் கொங்ஸ்கார்டின் 2009 ஆய்வும் இதற்கு இணையானது: ஒவ்வொரு நாளும் இரு வேளை சரிவுப் பலகையில் குந்தும் பயிற்சியும், வாரம் மூன்று நாள் மெதுவான கடும் பாரமும் 12 வாரத்தில் நோவைக் கிட்டத்தட்ட ஒரேயளவு குறைத்தன. தினப் பயிற்சி பலனளித்தது உண்மை. பலனுக்குக் காரணம் அது தினமும் நடந்தமை என்பதற்கு மட்டும் ஆதாரம் இல்லை. அதே ஆய்வில் மூன்றாவது குழுவுக்குக் கோட்டிசோன் ஊசி போடப்பட்டது. தொடக்கத்தில் அவர்களும் மற்றவர்கள் அளவுக்குச் சுகப்பட்டார்கள்; அரை ஆண்டில் நோவு திரும்பிவந்தது. இறுதியாட்டத்துக்கு முன் ஊசி போட்டுக்கொள்ள நினைக்கும் வீரர் இதை அறிந்திருக்க வேண்டும். அவரை ஆடவைக்க விரும்பும் கழகமும்தான்.

சுமையே முதன்மை என்ற முடிவையும் மிகைப்படுத்தக் கூடாது. அகெர்கார்டும் சகாக்களும் 2021இல் முழங்கால் நோவுள்ள 44 ஆண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு அவர்கள் தூக்கக்கூடிய உச்சப் பாரத்தில் 55 சதவீதமும் மறு பிரிவுக்கு 90 சதவீதமும் வாரம் மூன்று நாள் கொடுத்தார்கள். 12 வாரத்தில் இரு பிரிவினரும் ஒரேயளவு தேறினார்கள். ஆரோக்கியமான தசைநாணை வலுப்படுத்தும் கேள்வியும் நோயுற்றதைத் தேற்றும் கேள்வியும் வெவ்வேறு. நோவுள்ளவர் நடுத்தரப் பாரத்தோடு தொடங்கினால் நட்டமில்லை.

5. பாய்ச்சலும் பயிற்சியே

இதுவரை பார்த்த ஆய்வுகள் பாரத்தை மட்டும் எண்ணின. முழங்கால் தசைநாண் அப்படி எண்ணுவதில்லை. மாலை ஆட்டத்தில் ஒருவர் அறையவும் தடுக்கவும் எழும்பும் ஒவ்வொரு தடவையும், தரையில் விழும் ஒவ்வொரு தடவையும் உடல் நிறையின் பல மடங்கு விசை அந்தச் சிறு பரப்பில் விநாடியின் ஒரு பின்னத்துக்குள் ஏறி இறங்குகிறது. இத்தாலியின் பெரெட்டி எண்பதுகளில் கரப்பந்தாட்டக்காரரிடையே செய்த கணக்கெடுப்பே நாள்களின் எண்ணிக்கை பற்றி நமக்குள்ள மிக நேரடியான சான்று. வாரம் இரண்டு தரம் பயிற்சி செய்தவரில் சுமார் 3 சதவீதத்தினருக்கே நோவு இருந்தது. மூன்று தரம் செய்தவரில் அது 15 சதவீதத்தை நெருங்கியது. நான்கு தரம் செய்தவரில் 29. நான்குக்கு மேல் செய்தவரில் 42 சதவீதம் வரை. கடினமான தரையில் ஆடியவர்களின் நிலை இன்னும் மோசம். ஆனி, ஆடி மாத வெயிலில் கல்லாக இறுகிப்போகும் வலிகாமத்துச் செம்பாட்டு மண் திடல்களை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். இது ஒரு தடவைக் கணக்கெடுப்பு, கூட ஆடுபவர் திறமை கூடியவராகவும் உயரமாகப் பாய்பவராகவும் இருப்பார் என்ற ஆட்சேபம் சரியானதே. ஆனால் நோர்வேயில் விஸ்னெஸும் பாரும் கரப்பந்தாட்டப் பாடசாலையொன்றின் 141 மாணவரை நோவு வருமுன்பே தொடங்கித் தொடர்ந்து கண்காணித்து 2013இல் எழுதியதும் அதே திசையைக் காட்டுகிறது. வாரத்தில் ஒரு மணி நேரக் கரப்பந்தாட்டப் பயிற்சி கூடக்கூட நோவு வரும் வாய்ப்பு 1.7 மடங்கானது. போட்டியில் வாரம் ஒரு செற் கூடினால் ஏறத்தாழ 3.9 மடங்கு.

இதோடு சேர்த்து வாசிக்க வேண்டியது விஸ்னெஸின் 2005 ஆய்வு. போட்டிக் காலத்தில் 29 வீரர்களிற் சிலருக்கு ஆட்டத்தை நிறுத்தாமலே தினமும் இரு வேளை சரிவுப் பலகைப் பயிற்சியும் 12 வாரம் கொடுக்கப்பட்டது, நோவு குறையவில்லை. மற்ற இடங்களில் பலித்த பயிற்சி இங்கே ஏன் பலிக்கவில்லை? பாய்ச்சலின் கடும் சுமை ஏற்கெனவே ஒவ்வொரு நாளும் ஏறிக்கொண்டிருந்தது. அதன்மேல் இன்னொரு தினச் சுமை விழுந்தது. தசைநாணுக்கு மீளும் நேரம் எங்கேயும் விடப்படவில்லை என்பதே எனக்குத் தெரியும் பொருத்தமான விளக்கம். பிரெடாவும் சகாக்களும் நெதர்லாந்தில் 76 வீரர்களிடம் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வு இந்த விளக்கத்துக்கு வலு சேர்க்கிறது. அதில் சுமையின் வகைக்கு ஏற்ப நாள் எண்ணிக்கை மாறியது. அசைவற்ற அழுத்தப் பயிற்சி ஒவ்வொரு நாளும், மெதுவான பாரப்பயிற்சி ஒன்றுவிட்ட ஒரு நாள், பாய்ச்சல் பயிற்சி இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தரம். 24 வாரத்தின் முடிவில் 100 புள்ளிகள் கொண்ட முழங்கால் அளவீட்டில் இவர்கள் 84ஐ எட்டினார்கள். வழமையான தினப் பயிற்சிக் குழு 75இல் நின்றது. ‘வாரத்தில் எத்தனை நாள்’ என்ற கேள்விக்கு ஒற்றை எண்ணாகப் பதில் கேட்பதே பிழை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

6. எதிர்வாதங்கள்

குடாநாட்டில் இந்த வாதத்துக்கு முதலில் வரும் எதிர்ப்பு பனைமரத்திலிருந்து வரும். சீவல் தொழிலாளர் பருவகாலத்தில் காலையும் மாலையும் மரமேறுகிறார்கள்; தளைநாரில் பாதத்தைப் பொருத்தி, முழங்காலை மடித்து உடலை மேலே தள்ளும் அசைவை ஒரே நாளில் நூற்றுக்கணக்கான தடவை செய்கிறார்கள். இடைவெளி வேண்டும் என்றால் இவர்களின் முழங்கால்கள் எப்போதோ அழிந்திருக்க வேண்டாமா? எதிர்வாதம் வலுவானது, ஆனால் அது இந்தக் கட்டுரையின் பக்கமே சாய்கிறது. மரமேறும் சுமை மெதுவானது. இரு கால்களும் கைகளும் பகிர்ந்துகொள்வது. பாய்ந்து விழும் அதிர்ச்சி அதில் இல்லை. பெரும்பாலானோர் இளவயதிலேயே, தசைநாண் உருவாகிக்கொண்டிருக்கும்போதே, சிறிது சிறிதாக அத்தொழிலுக்குள் வந்தவர்கள். முழங்கால் ஒத்துழைக்காதவர் தொழிலை விட்டு விலகிவிடுவார். நம் கண்ணுக்குத் தெரிபவர் நிலைத்தவர் மட்டுமே. தினமும் தாங்கக்கூடிய சுமை எது என்பதை அவர்களின் உழைப்பு காட்டுகிறது. அந்தத் தாங்கும் திறனை ஆறு வாரத்தில் பெறலாம் என்று அது காட்டவில்லை.

அடுத்த எதிர்ப்பு, ஆய்வுகளிற் பல ஸ்கண்டிநேவியாவின் இளம் ஆண்கள் மீது நடந்தவை என்பது. உண்மைதான், குறிப்பாகப் பெண்கள் விடயத்தில் அது கனமானது. மில்லரின் குழுவே 2007இல் பெண்களை ஆராய்ந்தபோது, பயிற்சிக்கு மூன்று நாள் கழித்து அவர்களின் தசைநாணில் கொலாஜன் உருவாக்கம் கூடியிருக்கவில்லை. ஆண்களில் கண்ட எழுபத்திரண்டு மணிக் கணக்கை வலைப்பந்தாட்டம் ஆடும் மாணவிக்கு அப்படியே பொருத்துவது தவறு. வலைப்பந்தாட்ட வீராங்கனை தர்ஜினி சிவலிங்கத்தை உலகத் தரத்துக்கு அனுப்பிய மண்ணில், பெண்களின் பாரப்பயிற்சி ஆண்கள் அணியின் அட்டவணையின் நகலாக இருப்பது நீதியும் ஆகாது. நோவு பெண்களில் குறைவாகவே காணப்படுகிறது என்பதற்காக அவர்களுக்குப் பாரப்பயிற்சியே வேண்டாம் என்று விடுவதற்கும் நியாயம் இல்லை.

மூன்றாவது, இயந்திரங்கள் நிறைந்த ஜிம் எல்லா ஊரிலும் இல்லை என்பது. கடும் சுமைக்கு இயந்திரம் கட்டாயமில்லை. ஐம்பது கிலோ யூரியாப் பை ஒன்றில் மணலை நிரப்பித் தோளில் வைத்துக்கொண்டு, மூன்று விநாடியில் இறங்கி மூன்று விநாடியில் எழும்பும் குந்துதல், பலருக்கு ஒற்றைக் காலில் அந்தப் பையின் பாதியோடு கூட, தசைநாண் கேட்கும் சுமையை எட்டிவிடும். கவனிக்க வேண்டியது வேகம். துள்ளி எழும்பினால் அது பாய்ச்சலின் கணக்கில் சேர்ந்துவிடும். எட்டாவது தடவை எழும்பும்போது கால் நடுங்கத் தொடங்கும் பாரமே சரியான பாரம். இருபது தடவை சிரமமின்றி எழும்பக்கூடியவர் பையில் இன்னும் மணல் போட வேண்டும். முறிவு நெரிவு வைத்தியரின் எண்ணெய் உருவுதலும் கட்டும் நோவைத் தணிக்கலாம். சுமை செய்யும் வேலையை அவை செய்யமாட்டா.

7. மாரிகாலத்துப் பன்னிரண்டு வாரம்

ஆக, போட்டிக்காலத்தில் வார இறுதியில் ஆட்டம் இருக்கும் வீரருக்கு வாரத்தில் இரண்டு கடும் பாரப்பயிற்சி போதும், அதற்கு மேல் இடமும் இல்லை. அவற்றில் ஒன்றைப் பாய்ச்சல் பயிற்சி உள்ள அதே மாலையில் வைப்பதே நல்லது. கடும் சுமைகள் ஒரே நாளில் சேர்ந்துவிட, அடுத்த இரண்டு நாள் தசைநாணுக்குக் கிடைக்கும். ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாகக் குந்தி எழும்பும் இப்போதைய வழமை இந்த இடைவெளியை அழிக்கிறது. அந்தக் குந்துதலின் சுமையோ தசைநாணை மாற்றும் அளவுக்குப் போதாது. இது ஆய்வுகளிலிருந்து நான் வருவிக்கும் முடிவு.

இதைவிடப் பெரிய வாய்ப்பு ஆண்டின் இன்னொரு பகுதியில் இருக்கிறது. ஒக்டோபர் நடுப்பகுதியில் வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் டிசம்பர் முடியும் வரை செம்பாட்டுத் திடல்கள் சேறாகிவிடும், வலை கழற்றப்படும். பாய்ச்சல் தானாகவே நின்றுபோகும் இந்தக் காலம் ஏறத்தாழப் பன்னிரண்டு வாரம், அதாவது கொங்ஸ்கார்டும் குபோவும் தசைநாண் மாறுவதற்குக் கண்ட அதே கால அளவு. வாரம் மூன்று நாள் கடும் பாரப்பயிற்சியை எந்தப் போட்டியோடும் மோதாமல் செய்யக்கூடிய ஒரே பருவம் இது. நடைமுறையில் நடப்பது நேர்மாறு. மழையோடு பயிற்சியும் நிற்கிறது, மாணவர் பரீட்சைக்கும் ரியூசனுக்கும் திரும்புகிறார்கள், குபோ காட்டியதுபோல் விறைப்பு சரிகிறது. தை பிறந்ததும் பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டி, அதைத் தொடர்ந்து கோட்ட, வலய மட்டங்கள், கழகங்களின் சுற்றுப்போட்டிகள். ஆண்டில் தசைநாண் மிகத் தளர்ந்திருக்கும் வாரங்களிலேயே பாய்ச்சல்கள் மிகக் கூடுகின்றன. மழைக்கு ஒதுங்க ஒரு கூரை, மணல் நிரப்பிய சில பைகள், திங்கள், புதன், வெள்ளி மாலைகளில் நாற்பது நிமிடம். ஒரு சனசமூக நிலையத்தின் விறாந்தை இதற்குப் போதும். பரீட்சை எழுதும் மாணவருக்கும் பேயரின் ஆய்வு சொன்ன நூற்றேழு நிமிடத்தை வாரத்தில் ஒதுக்குவது கடினமாக இராது. பாடசாலைகளின் விளையாட்டு அட்டவணை தை மாதத்தில் தொடங்குவதை விட்டு ஐப்பசியில் தொடங்க வேண்டும். கழகங்கள் வலையைக் கழற்றும் நாளிலேயே பைகளில் மணலை நிரப்ப வேண்டும்.